ஆன்லைன் போக்கர்: விளைவை விட்டுத் தீர்மானத்தை எடைபோடுவது எப்படி

மேசை நடுவே திறக்கும் ஐந்து பொதுச் சீட்டுகளில் நான்காவதான டர்ன் சீட்டு விழுந்தாயிற்று. பாட்டில், அதாவது நடுவே சேர்ந்த பந்தயத் தொகையில், 100 சிப்ஸ். உங்கள் கையில் இரண்டு ஆட்டின், போர்டில், அதாவது பொதுச் சீட்டுகளில், இரண்டு ஆட்டின்; இன்னொன்று வந்தால் ஒரே இனத்தில் ஐந்து, அதாவது ஃப்ளஷ். எதிராளி தன்னிடம் மிச்சமிருந்த 100 சிப்ஸையும் தள்ளிவிட்டார். அவரிடம் ஒரு நல்ல ஜோடி இருக்கிறது என்று ஆடிய விதத்திலேயே தெரிகிறது. நீங்கள் கால் செய்கிறீர்கள், அதாவது அதே தொகையைப் போடுகிறீர்கள். கடைசிச் சீட்டான ரிவரில் ஆட்டின் ஏழு. 300 சிப்ஸ் உங்கள் பக்கம் நகர்கிறது.

இப்போது கணக்கு. உங்கள் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46, அவற்றில் ஆட்டின் 9. ஜெயிக்க வாய்ப்பு 19.6%. 100 சிப்ஸ் போட்டு 300 ஆகும் பாட்டுக்குப் போட்டியிட 33.3% வாய்ப்பாவது வேண்டும். இதே இடத்தில் இதே கால்-ஐத் திரும்பத் திரும்பச் செய்தால் முறைக்குச் சராசரியாக 41 சிப்ஸ் போகும். திரை இன்று 200 லாபம் என்கிறது. ஆனால் அடுத்த மாதமும் அடுத்த வருடமும் உங்களோடு கூடவே வரப்போவது அந்த 41 சிப்ஸ் நட்டம்தான்.

தமிழில் ‘முடிவு’ என்ற ஒரே சொல், நாம் எடுப்பதையும் குறிக்கும், கடைசியில் நடந்ததையும் குறிக்கும். சீட்டு மேசையில் இந்த இரண்டும் மனத்துக்குள் ஒட்டிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். அதனால் இங்கே எடுப்பதைத் தீர்மானம் என்றும் நடந்ததை விளைவு என்றும் பிரித்தே சொல்கிறோம். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பார்த்து, பழம் வேண்டுமானால் காகத்தைக் கூப்பிடலாம் என்று கற்றுக்கொள்கிற மனம் எல்லோருக்கும் உண்டு. அந்த ஆட்டின் ஏழு அப்படிப்பட்ட பாடத்தைத்தான் கற்றுத்தருகிறது.

எத்தனை ஹேண்ட் ஆடினால் விளைவை நம்பலாம்

ஆறு பேர் மேசை நோ-லிமிட் ஹோல்டமில் (பந்தயத்துக்கு உச்ச வரம்பில்லாத போக்கர் வகை) 100 ஹேண்டுக்கு, அதாவது 100 முறை சீட்டுப் போட்டு ஆடினால், சராசரியாக 5 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஹேண்டிலும் ஒருவர் கட்டாயம் போடும் தொகை) லாபம் எடுப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்று தயங்காமல் சொல்லலாம். அந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 100 ஹேண்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். 90 என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஹேண்ட் முடிவில் இந்த நல்ல ஆட்டக்காரர் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு 43%. 10,000 ஹேண்ட் முடிவில் 29%. 1,00,000 ஹேண்ட் முடிவில்தான் அது 4% ஆகக் குறைகிறது. லாபம் 5-க்குப் பதில் 2 பிக் பிளைண்டாக இருந்தால், லட்சம் ஹேண்டுக்குப் பிறகும் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு 24%.

இதை நாட்களாக மாற்றிப் பாருங்கள். இரண்டு மேசையில் தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் சுமார் 300 ஹேண்ட். 10,000 ஹேண்டுக்கு ஒரு மாதம், லட்சத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு மாதம் முழுக்கச் சரியாக ஆடியும் நட்டத்தில் நிற்பவர் பத்தில் மூன்று பேர் என்றால், ஒரே மாலையின் வரவு செலவை வைத்துத் தன் ஆட்டத்தை மாற்றுகிறவர் எதைக் கண்டு மாற்றுகிறார்?

உங்கள் சொந்த எண்களை வைத்தும் இதைப் போட்டுப் பார்க்கலாம். போக்கர்டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்ற, ஆடிய ஹேண்டுகளைப் பதிவு செய்யும் டிராக்கர் மென்பொருள்கள் திட்ட விலக்கத்தைத் தனிப் பத்தியில் காட்டும். ஹேண்ட் எண்ணிக்கையை 100-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைத் திட்ட விலக்கத்தால் பெருக்குங்கள். 10,000 ஹேண்டுக்கு 90 பெருக்கல் 10, அதாவது 900 பிக் பிளைண்ட். உங்கள் லாப நட்டம் எதிர்பார்ப்புக்கு மேலும் கீழும் 900 வரை ஆடுவது சாதாரணம் என்று பொருள்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ரேடஸ் என்ற நிரலும் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களும் இருவர் ஆட்டமாக 1,20,000 ஹேண்ட் மோதினார்கள். அத்தனை ஹேண்டையும் அப்படியே நம்பிவிட ஏற்பாட்டாளர்கள் தயாராக இல்லை. ஒரு மனிதருக்கு வந்த சீட்டு இன்னொரு மேசையில் நிரலுக்கு வரும்படி, ஒரே சீட்டுகளை இடம் மாற்றி இரண்டு முறை ஆடவைத்து, அதிர்ஷ்டத்தைக் கழித்தார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. தீர்மானத்தை நேராகச் சோதிப்பதுதான் நமக்கிருக்கும் ஒரே வழி.

உட்காரும் முன்

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று பிரித்துப் பார்க்காமல் தடை செய்கிறது. எனவே இந்தியாவில் இருப்பவர்கள் இலவச சிப்ஸ் மேசையிலும் பயிற்சி மென்பொருளிலும் இதைப் பழகலாம். இலவச மேசையில் எதிராளிகள் எதையும் கால் செய்வார்கள், அதனால் அங்கே பிளஃப் (வெறும் கையோடு பந்தயம் கட்டி மிரட்டுவது) கணக்கு மாறும். தீர்மானத்தைப் பதிவு செய்யும் பழக்கம் மாறாது. பிரிட்டன், ஒன்டாரியோ போல உரிமம் தந்து அனுமதிக்கும் இடங்களில் இருப்பவர்கள் அந்த உரிமம் உள்ள தளத்தில் மட்டும் ஆடுங்கள்.

பணம் வைத்து ஆடுகிறவர்களுக்கு: வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை ஆகியவற்றோடு கலக்காத தனித் தொகை வேண்டும். சிப்ஸுக்கு நேரே பணமதிப்பு உள்ள கேஷ் ஆட்டத்துக்குக் குறைந்தது 30 பை-இன் (ஒரு முறை மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை), 50 இருந்தால் நல்லது. பல மேசை டோர்னமென்டுக்கு 100-க்கும் மேல். இதைச் சிக்கன அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொகை குறைவாக இருந்தால் ஒவ்வொரு கால்-இலும் ‘இது போனால் என்ன செய்வது’ என்ற கேள்வி நுழையும். அந்தக் கேள்வி வந்த பிறகு எதிராளியின் ரேஞ்ச் (அவரிடம் இருக்கக்கூடிய கைகள்) உங்கள் கண்ணில் படாது.

பெரும்பாலான தளங்களில் சிப்ஸைப் பணமாகக் காட்டாமல் பிக் பிளைண்டாகக் காட்டும் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். கணக்கில் உள்ள மொத்தத் தொகை திரையில் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். மறைக்க வழி இல்லையென்றால் அந்த மூலையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வையுங்கள். டிராக்கரின் லாப வரைபடத்தை ஆட்டம் நடக்கும்போது திறக்கவே கூடாது.

எழுந்திருக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் முடிவு செய்யுங்கள், தொகையால் அல்ல. 90 நிமிடம் ஆட்டம், 10 நிமிடம் இடைவெளி, மறுபடி வேண்டுமானால் ஒரு 60 நிமிடம். ‘ஜெயித்தது போதும், எழுந்துவிடலாம்’ என்ற பழக்கம் நல்ல பழக்கம் போலத் தோன்றும். நடைமுறையில் அது என்ன செய்யும் என்று பாருங்கள்: மேசையில் பலவீனமான ஆட்டக்காரர்கள் இருக்கும் நல்ல நாளில் அரை மணியில் எழுந்துவிடுவீர்கள், விட்டதைப் பிடிக்க வேண்டிய கெட்ட நாளில் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருப்பீர்கள். தோல்விப் பக்கத்துக்கு மட்டும் ஒரு தொகை எல்லை வைக்கலாம்: மூன்று பை-இன் போனால் அன்றைக்கு முடிந்தது. மூன்று பை-இன் இழந்த பின்னும் முதல் மணி நேரத்தைப் போலவே தெளிவாக யோசிப்பவர்கள் மிகக் குறைவு.

மேசையில்: கை அழுத்தும் முன் ஒரு வாக்கியம்

ப்ரீஃப்ளாப், அதாவது பொதுச் சீட்டு விழும் முன் எடுக்கும், தீர்மானங்களில் பெரும்பகுதி மனப்பாடம். அவற்றுக்கு நேரம் செலவிட வேண்டாம். பாட் 15 பிக் பிளைண்டைத் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் குறைந்தது ஐந்து நொடி எடுங்கள். அந்த ஐந்து நொடியில் மூன்று கேள்விகள்: அவர் இப்படி ஆட, கையில் என்னென்ன இருக்கலாம்? பாட் என்ன விலை கேட்கிறது? நான் பெட் செய்தால் (பந்தயம் கட்டினால்) என்னைவிடச் சிறிய எந்தக் கை கால் செய்யும், பெரிய எந்தக் கை ஃபோல்ட் ஆகும் (சீட்டைக் கீழே போட்டு விலகும்)?

விலையை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட்டுக்கு 20% வாய்ப்பு தேவை. பாதி பாட்டுக்கு 25%. முழு பாட்டுக்கு 33%. உங்களுக்கு உதவும் சீட்டுகளை எண்ணி, ஒரு சீட்டு மட்டும் வரவிருந்தால் இரண்டால் பெருக்குங்கள். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததும்) ஆல்-இன் ஆகி (எல்லாச் சிப்ஸையும் போட்டு) இரண்டு சீட்டும் பார்ப்பதாக இருந்தால் நான்கால். ஃப்ளஷுக்கு 9 சீட்டு என்றால் 36%. உண்மையான எண் 35%. மேசையில் இந்தத் துல்லியம் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: நான்கால் பெருக்குவது ஆல்-இன்னுக்கு மட்டும். டர்னில் எதிராளி மறுபடி பெட் செய்வார் என்றால், ஃப்ளாப்பில் நீங்கள் வாங்குவது ஒரே ஒரு சீட்டைத்தான். புதியவர்களின் பணம் அதிகம் கசியும் இடங்களில் இதுவும் ஒன்று.

பிறகு, பட்டனை அழுத்தும் முன், ஒரே வாக்கியத்தில் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பாதி பாட், 25% வேண்டும், அவரிடம் தவறிய டிரா (சீட்டு வராமல் நிறைவேறாத கை) நிறைய, கால்.’ வாக்கியம் வராவிட்டால் தீர்மானம் இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். சொன்ன வாக்கியத்தில் ‘எப்போதும் எனக்கு இப்படித்தான்’, ‘இந்தத் தடவையாவது’ போன்ற சொற்கள் வந்தால் தளம் தரும் கூடுதல் நேரமான டைம் பேங்க்கைப் பயன்படுத்தி மறுபடி முதலிலிருந்து யோசியுங்கள்.

சந்தேகம் வந்த ஹேண்டை அந்த நொடியே குறியிடுங்கள். டிராக்கரில் அதற்குக் குறியீடு உண்டு, இல்லாவிட்டால் ஹேண்ட் எண்ணைத் தாளில் எழுதுங்கள். ஷோடவுனுக்கு, அதாவது கைகளை விரித்துக் காட்டுவதற்கு, முன்பே குறியிடுவது முக்கியம். தோற்ற பிறகு குறியிட்டால் தோற்ற ஹேண்டுகள் மட்டுமே தாளில் சேரும்.

ஷோடவுனில் எதிராளி காட்டும் சீட்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். விளைவை ஒதுக்கச் சொன்னது, அதிலுள்ள தகவலை ஒதுக்கச் சொன்னதாகாது. ‘நடு ஜோடியை வைத்து ரிவரில் முழு பாட் பெட் செய்கிறார்’ என்பது அடுத்த ஹேண்டுக்கு உதவும் தகவல், குறிப்பில் எழுதிவையுங்கள். ‘அவரிடம் செட் (ஒரே எண்ணில் மூன்று) இருந்தது, அதனால் நான் ஃபோல்ட் செய்திருக்க வேண்டும்’ என்பது தகவல் ஆகாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லாத ஒன்றை வைத்து உங்களையே தண்டிப்பது அது.

பிளஃப்: சரியான தீர்மானம் அடிக்கடி தோற்கும் இடம்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ரிவர். பாட் 80. உங்கள் கையில் ஒன்றுமில்லை. 40 பெட் செய்கிறீர்கள். எதிராளி மூன்றில் ஒரு முறை ஃபோல்ட் செய்தாலே கை நட்டமில்லை. அவர் 45% ஃபோல்ட் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். 45 முறை 80 கிடைக்கும், 55 முறை 40 போகும். சராசரியாக முறைக்கு 14 சிப்ஸ் லாபம். ஆனால் நூறில் 55 முறை நீங்கள் பிடிபடுவீர்கள். மேசையே பார்க்க வெறும் கையை விரித்துக் காட்ட வேண்டிவரும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். வரிசையாக மூன்று முறை பிடிபட்டவர் நான்காவது முறை பெட் வைக்காமல் செக் செய்கிறார். அந்தச் செக்கின் விலை 14 சிப்ஸ். திரையில் எங்கேயும் சிவப்பாகக் காட்டாது, நட்டம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். செய்யாமல் விட்ட பிளஃப், மெல்லிய முன்னிலை உள்ள கையோடு வைக்காமல் விட்ட வேல்யூ பெட் (சிறிய கை கால் செய்யும் என்று எதிர்பார்த்து வைக்கும் பெட்), இவற்றின் நட்டம் கண்ணுக்குத் தெரியாததால்தான் விளைவைப் பார்த்துக் கற்பவர் இவற்றை ஒருநாளும் திருத்திக்கொள்வதில்லை.

மறுநாள் காலையில்: ஹேண்ட் பரிசோதனை

ஆடி முடித்த கையோடு ஹேண்டுகளைத் திறக்காதீர்கள். மனம் இன்னும் அந்த ரிவரிலேயே இருக்கும். ஓர் இரவு போகட்டும்.

பத்து ஹேண்டை எடுங்கள். ஐந்து நீங்கள் குறியிட்டவை. மீதி ஐந்து, பாட் 15 பிக் பிளைண்டைத் தாண்டியவற்றில் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை. பெரிய பாட் தோற்றவற்றை மட்டும் எடுத்தால், மேலே சொன்ன ஆட்டின் ஏழு போன்ற தவறுகள் வெற்றி உடையில் தப்பிவிடும். பத்தில் பாதியாவது நீங்கள் ஜெயித்த ஹேண்டாக இருக்கட்டும்.

ரீப்ளேயரில் ஓட்டித் தீர்மானம் எடுத்த இடத்தில் நிறுத்துங்கள், எதிராளியின் சீட்டை மறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். நோட்டில் நான்கு பத்தி போதும்: அவரிடம் இருக்கக்கூடிய கைகள், தேவைப்பட்ட வாய்ப்பு, எனக்கிருந்த வாய்ப்பு, வித்தியாசம் எத்தனை பிக் பிளைண்ட். மூன்றாவது பத்தியை நிரப்ப ஈக்விலாப் போன்ற இலவசக் கணிப்பான் போதும். ‘ஜெயித்தேனா’ என்று ஐந்தாவது பத்தி வேண்டாம்.

ஒரு உதாரணம். ப்ரீஃப்ளாப்பில் இரண்டு ராஜாவோடு 100 பிக் பிளைண்டை ஆல்-இன் செய்தீர்கள், எதிராளி இரண்டு ஏஸைக் காட்டினார். அவர் இவ்வளவு தூரம் வரக்கூடியது இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, இரண்டு ராணி, ஏஸ்-ராஜா என்று நம்பினீர்கள் என்றால் எண்ணிப் பாருங்கள். ஏஸ் ஜோடி 6 விதம். இரண்டு ராஜா உங்களிடம் இருப்பதால் ராஜா ஜோடி ஒரே விதம். ராணி ஜோடி 6. ஏஸ்-ராஜா 8. மொத்தம் 21 விதத்துக்கு எதிராக உங்கள் வாய்ப்பு சுமார் 57%. ரேஞ்ச் கணிப்பு நியாயமானது என்றால் தீர்மானம் சரி, கேள்வி முடிந்தது.

இதே ஹேண்டை டிராக்கரின் ‘ஆல்-இன் ஈவி’ (எதிர்பார்ப்பு மதிப்பு) கோடு எப்படிப் பார்க்கும் தெரியுமா? இரண்டு ராஜாவுக்கு இரண்டு ஏஸ் எதிரே 18% தான், ஆகவே 64 பிக் பிளைண்ட் நட்டம் என்று எழுதிக்கொள்ளும். அந்தக் கோடு, ஆல்-இன் ஆன பிறகு விழுந்த சீட்டுகளின் அதிர்ஷ்டத்தை மட்டும் கழிக்கிறது. நீங்கள் ஏன் ஆல்-இன் செய்தீர்கள், எதிராளிக்கு அந்த நேரம் பார்த்து எந்தக் கை வந்தது, ஆல்-இன் ஆகாத பாட்டுகளில் என்ன நடந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ‘ஈவி கோட்டுக்குக் கீழே ஓடுகிறேன், அதனால் நன்றாகத்தான் ஆடுகிறேன்’ என்று சொல்வது தவறான ஆறுதல்.

சால்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே கைக்கு அது 50% கால், 50% ஃபோல்ட் என்று காட்டினால் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. எதைச் செய்திருந்தாலும் தப்பில்லை. அங்கே அரை மணி செலவிடாதீர்கள். ஒரு பிக் பிளைண்டுக்கு மேல் நட்டம் தந்த தவறுகளைப் பட்டியலிட்டு, திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். ஆட்டத்தின் நடுவே சால்வரைத் திறப்பது பெரிய தளங்கள் அனைத்திலும் தடை. அது மறுநாள் காலைக்கான கருவி.

நண்பரிடம் ஹேண்ட் கேட்கும்போது விளைவைச் சொல்லாதீர்கள். ‘ரிவரில் 60 பெட் செய்தார், நான் என்ன செய்யணும்?’ என்று நிறுத்திவிடுங்கள். ‘கால் பண்ணினேன், ஃபுல் ஹவுஸ் காட்டிட்டான்’ என்று தொடர்ந்தால், எவ்வளவு கெட்டிக்கார நண்பராக இருந்தாலும் ஃபோல்ட் என்றுதான் சொல்வார்.

டில்ட் வருவதை எண்ணில் பிடிப்பது

டில்ட் என்பது மனநிலை குலைந்து ஆடுவது. கோபம் வந்தால்தான் டில்ட் என்றில்லை. தெரியக்கூடிய அடையாளங்கள் வேறு: ஐந்து நொடி ஒரு நொடியாகிறது. மூன்றாவது மேசையைத் திறக்கிறீர்கள். லிமிட்டை (பந்தய அளவை) ஒரு படி ஏற்றிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. சாதாரணமாக 100-க்கு 24 ஹேண்ட் ஆடுகிறவர் கடைசி 60 ஹேண்டில் 35% ஆடியிருக்கிறார். இவற்றில் இரண்டு சேர்ந்தால் அடுத்த பிக் பிளைண்ட் வரும்போது எழுந்துவிடுங்கள். தொடர்ந்து ஜெயிக்கும்போதும் இதே அடையாளங்கள் வரும். ‘இன்று நம் நாள்’ என்று எல்லாக் கையையும் திறப்பதும் டில்ட்தான். எழுந்திருக்கவே முடியவில்லை, வீட்டுக்குத் தெரியாமல் ஆட வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்தால் இந்த முறைகள் எதுவும் உதவாது. தளத்தின் சுய விலக்கு வசதியால் கணக்கைப் பூட்டிவிட்டு, மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

விளைவைப் பார்க்க வேண்டிய நேரம்

25,000 ஹேண்டுக்கு ஒரு முறை லாப நட்டத்தைத் திறந்து பாருங்கள், அதுவும் திட்ட விலக்கத்தைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு. லட்சம் ஹேண்டில் 100-க்கு 4 பிக் பிளைண்ட் நட்டம் என்று வந்தால், அது அதிர்ஷ்டத்தின் மேல் போடக்கூடிய பழி அல்ல. நல்ல ஆட்டக்காரருக்கு அப்படி நடக்க வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் கீழே. ரேக்கையும் அப்போது பாருங்கள்: தளம் பொதுவாகப் பாட்டில் 5% வரை, ஒரு உச்ச வரம்போடு, எடுத்துக்கொள்கிறது. சிறிய லிமிட்டுகளில் அந்த வரம்பு பிக் பிளைண்ட் கணக்கில் பெரியது. சமமான திறமை உள்ள ஆறு பேர் ஆடினால் ஆறு பேருமே மெல்ல இழப்பார்கள். பரிசோதனை நோட்டில் தவறு அதிகம் இல்லாமலும் லட்சம் ஹேண்ட் நட்டத்தில் இருந்தால், உங்கள் ரேஞ்ச் கணிப்புகளே தவறாக இருக்கலாம். அப்போது உங்களைவிட மேலான லிமிட்டில் ஆடும் ஒருவரிடம் அந்தப் பத்து ஹேண்டுகளை, விளைவை வெட்டிவிட்டு, கொடுத்துப் பாருங்கள்.